மூன்று விளக்குகளும் அணையும் கணம்

இரு நாடுகளுக்கும் எல்லையாக வளைந்து கிடந்த பேராற்றின் மேல் மாலை வெயில் செம்பை உருக்கி ஊற்றியதுபோல் படிந்திருக்க, அணையின் அடியில் கற்சுவர்களும் அதிரச் சுழலிகள் முழங்கிக்கொண்டிருந்த மின்நிலையத்தின் மேல்மாடத்தில், பொறியாளர் ஒருத்தி மூன்று சிறு விளக்குகளைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அளவுமானிகளின் முட்கள் யாவும் இரு நாட்டு மின்னோட்டமும் ஒத்திருப்பதாகவே காட்டின. எனினும், ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைய வேண்டிய அவ்விளக்குகளோ, துரத்தி விளையாடும் பிள்ளைகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாய் வட்டமிட்டு ஒளிர்ந்தன. ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை.

அவ்விளக்குகளின் வேலை எளிது. ஒவ்வொரு நாட்டின் மின்னும் மூன்று கம்பிகளில், முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாய் ஏறி இறங்கி வந்தது. இக்கரைக் கம்பி ஒன்றுக்கும் அக்கரைக் கம்பி ஒன்றுக்கும் இடையே ஒவ்வொரு விளக்கும் கட்டப்பட்டிருந்தது. இரண்டிலும் மின்னழுத்தம் ஒருசேர ஏறி ஒருசேர இறங்குமாயின் இடையே வேறுபாடில்லை, வேறுபாடில்லையேல் ஒளியுமில்லை. ஆகவே மூன்றும் அணைந்த கணமே இணைப்புக் கைப்பிடியை அழுத்தத் தக்க கணம். ஒளிரும்போது அழுத்தினாலோ, ஒரு நாட்டின் ஆற்றல் முழுவதும் மறுநாட்டின் சுழலியைப் பற்றி முறுக்க, அடிமரம்போல் பருத்த இரும்பு அச்சும் கரும்பென முறியும்.

முன்பு ஒருமுறை முறிந்தது. போர் ஓய்ந்தபின் அவ்விரு நாடுகளும் அஞ்சி அஞ்சியே நெருங்கின. சுங்கத்தை நீக்கி வண்டிகளை விட்டன, பாலம் கட்டின, நீரைப் பங்கிடப் பொதுமன்றம் அமைத்தன, பின்னர் மின்கம்பிகளையும் பிணைக்கத் துணிந்தன. அன்று விளக்கு கட்டிப் பார்ப்பார் இல்லை. முட்களை நம்பியே அழுத்தினர். அச்சு தெறித்து, கீழ்த்தளத்தில் நின்ற அவள் தந்தை மாண்டார். சதி என்றது இந்நாடு. சதி என்றது அந்நாடு. பாலத்தின் கதவு பல்லாண்டு அடைபட்டது. இன்று அதே இடத்தில், நீர்மடையைத் திருகிச் சுழற்சியைச் சீராக்கியபடி, அவள் தம்பி நிற்கிறான்.

தொலைபேசியில் அக்கரையின் முதிய பொறியாளர் அழைத்தார்.

"என்னம்மா இன்னும்? ரெண்டு அமைச்சரும் பாலத்துல நிக்கிறாங்க. இன்னிக்கு நடக்கலேன்னா கதவ மறுபடி சாத்திருவாங்க."

"விளக்கு சுத்துதுங்க ஐயா."

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. கோளாறு உங்க பக்கம்தான்."

"எங்க பக்கமும் சரியாத்தான் இருக்கு."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க" என்றார் அம்முதியவர்.

அவள் தொலைபேசியை வைப்பதற்குள் கீழ்த்தளத்துப் பேசுகுழாயில் தம்பி கூவினான்.

"அக்கா, அழுத்தப் போறியா இல்லையா?"

"இருடா. யோசிக்கிறேன்."

"யோசிச்சிருவியாக்கும். நம்ம பட்டறைக்கு அக்கரையில இருந்து ஒரு மோட்டார் வந்துச்சே, மாட்டின உடனே பின்னாடி சுத்துச்சு. உன் மூளையும் அது மாதிரிதான்."

திட்டுவதற்கு வாய் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். சுங்கம் நீங்கிய நாள்முதல் அக்கரையிலிருந்து வந்த பொறிகள் யாவும், எண் பார்த்துக் கம்பி பூட்டினால், பின்புறமாகவே சுழன்றன. அந்த ஊர்ச் சரக்கு அப்படித்தான் என்று நகைத்துவிட்டு, இரு கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டி ஓட்டினார்களேயன்றி, ஏனென்று கேட்டவர் எவருமில்லை.

அவள் மீண்டும் அக்கரைக்கு அழைத்தாள்.

"ஐயா, அன்னிக்கு யாரும் சதி பண்ணல. நாங்க ரெண்டுன்னு எண்ணுற கம்பிய நீங்க மூணுன்னு எண்ணுறீங்க. அதனாலதான் உங்க மோட்டார் இங்க பின்னாடி சுத்துது, விளக்கும் ஒண்ணா அணைய மாட்டேங்குது. அவ்வளவுதான்."

அக்கரைப் பொறியாளர் கேட்டார்.

"அப்ப யாரு மாத்தணும்?"

"உங்க ஊர்லயும் வேணாம், எங்க ஊர்லயும் வேணாம். ஆத்து நடுவுல இருக்கிற கம்பத்துல மாத்துவோம்."

"எங்க ஆளையும் அனுப்புறேம்மா. சேர்ந்தே ஏறட்டும்."

இரு கரையிலும் கம்பிகளில் மின்னை நிறுத்தி மாற்றிப் பூட்டினார்கள். மீண்டும் மின் பாய்ந்தபோது விளக்குகள் வட்டமிடவில்லை. உறங்கும் மகவின் மூச்சென மூன்றும் சேர்ந்து ஒளிர்ந்தன, சேர்ந்து மங்கின. அச்சமோ அவளை விட்டு நீங்கவில்லை. "தள்ளி நில்லுடா" என்று குழாயில் கூவிவிட்டு, மாடம் இருளும் அக்கணத்தில் அவள் கைப்பிடியை அழுத்தினாள். அச்சு முறியவில்லை, அதே சுருதியில் முழங்கிக்கொண்டிருந்தது.

ஒருவர் உயிரையும் பல்லாண்டு நட்பையும் விலையாகக் கொடுத்து அவ்விரு நாடுகளும் கற்ற வழி இதுவே: முதற்கம்பியோடு முதற்கம்பி, இரண்டாவதோடு மூன்றாவது, மூன்றாவதோடு இரண்டாவது, மூன்று விளக்குகளும் ஒருசேர அணைந்தபின் கைப்பிடி.