மாடியில் நான்கு மெத்தைகள்

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்காமல், மூன்று ஊர்களின் பெயர்களை வாய்க்குள்ளேயே உருப்போட்டுக்கொண்டிருந்தான் லீக்கேஜ். முதலாவது ஒரு சுரங்க ஊர். இரண்டாவது, வருடத்தில் ஒன்பது மாதம் மழை கொட்டும் ஒரு தீவின் துறைமுகம். மூன்றாவது, ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் சந்தை ஊர். மூன்றுமே நாக்கைச் சுளுக்க வைக்கும் பெயர்கள். முன் இருக்கை அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

மொட்டைமாடி ஒழுகலை அடைப்பது அவன் தொழில். பன்னிரண்டு வருடமாக ஊரில் யார் வீட்டு விட்டம் கசிந்தாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவன் எண்ணை எல்லோரும் ‘லீக்கேஜ்’ என்றே போனில் பதிந்து வைத்திருந்தார்கள். நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அவனே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவான். போன மழைக்கு எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபி அறை ஒழுகியது. நோயாளி படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே. இரண்டு நாள் வேலைதான். ஆறு நாளாகியும் அவன் முடிக்கவில்லை. ஏழாம் நாள் பிசியோதெரபிஸ்ட் அம்மணி தானே மாடியேறி வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஒழுகல் நின்னு நாலு நாளாச்சு. இன்னும் என்னத்தைங்க அடைக்கிறீங்க?”

அவனுக்கு முகம் வேர்த்துவிட்டது. அவளோ சிரித்துவிட்டாள். அப்புறம் நடந்ததெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான்.

தெரியாத கதை அவளுடைய அப்பா. முப்பத்திரண்டு வருடம் தபால் பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். உலகத்தில் எந்த மூலையில் உள்ள ஊரின் பெயரைச் சொன்னாலும், அதற்கான பை எந்தக் கொக்கியில் தொங்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆனால் ஒரு ஊரையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் கம்ப்யூட்டர் வாங்கினார். செயற்கைக்கோள் படங்களில் தன் கொக்கி ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. நடு ஊரை மட்டும் சதுரமாக வெட்டி, கலரில் அச்சடித்து, லேமினேஷன் போட்டு, பின்பக்கம் பெயரெழுதிய சீட்டை ஒட்டிவைத்தார். சுற்றியுள்ள மலை, காடு, மணல் எதுவும் படத்தில் இருக்காது. “அதைப் பார்த்தா எந்தக் கழுதையும் சொல்லிடும்” என்பார். மொத்தம் அறுபது படம். யார் வந்தாலும் டீயோடு மூன்று ஊரும் வரும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தப்பவில்லை, பல் டாக்டர் தப்பவில்லை.

போன வருடம் பெண் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் பையன் வந்தான். நடுவில் பாத்ரூம் போய்விட்டு வந்து மூன்றையும் பொட்டில் அடித்தாற்போல் சொன்னான். ‘எதை வச்சுச் சொன்னீங்க?’ என்று கேட்டார் அப்பா. முழித்தான். சட்டைப்பையில் போன் எட்டிப் பார்த்தது. “தம்பி, உங்க போனுக்கு வேணும்னா பொண்ணு தர்றேன்” என்று சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு வந்தார்.

தேறாதவர்களை அவர் வேண்டாம் என்றும் சொல்வதில்லை. ‘பார்க்கலாம்’ என்பார். அந்தப் பார்க்கலாமுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. அவளால் அப்பாவை மீறி வர முடியும். முப்பத்தொரு வயது, சொந்தச் சம்பளம். ஆனால் அவர் முகம் வாட ஒரு கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு மனசில்லை. அதனால்தான் பெட்டியில் மேலே மூன்று படங்களை அடுக்கிவைத்து, பெயர்களை அவனுக்கு அனுப்பினாள்.

“ஒண்ணு சரியாச் சொன்னாப் போதும். ரெண்டாவதைச் சொல்லு. திணறுற மாதிரி திணறு.”

“இது தப்பில்லையா?”

“தப்புதான். நீ பூகோளத்துல வாங்கின மார்க்கை என்கிட்டயே சொல்லியிருக்கே. வேற வழி இருந்தா நீயே சொல்லு.”

அவனிடம் வழியில்லை. வீடும் வந்துவிட்டது.

மூன்றாவது மாடி. வரவேற்பறையில் கண்ணாடி மேஜை, அதன்மேல் உருப்பெருக்கி, பக்கத்தில் படப்பெட்டி. அப்பா மெல்லிய ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்த பார்வையில், எந்தக் கொக்கியில் மாட்டலாம் என்கிற யோசனை இருந்தது. அவன் உட்காருவதற்கு முன்பே பெட்டி திறந்துவிட்டது.

“வந்த பிள்ளை ஒரு வாய் டீ குடிக்கட்டும்ங்க” என்றார் அம்மா.

“குடிக்கட்டும். கண்ணு சும்மாதானே இருக்கு?”

முதல் படத்துக்குத் திட்டப்படி தப்பாகச் சொன்னான். “பரவாயில்ல தம்பி” என்றார் அப்பா. அந்தப் பரவாயில்லையில் பார்க்கலாமின் வாடை அடித்தது. சமையலறை வாசலில் நின்றவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

இரண்டாவது படம் மேஜைமேல் வந்தது. ஒரு ஓரத்தில் நீலமாகக் கடல், மீதியெல்லாம் மாடிகள். திணறுவதுபோல் நடிப்பதற்காகத்தான் உருப்பெருக்கியை எடுத்தான். எடுத்தவன் வைக்கவில்லை. தட்டை மாடிகள். ஒன்றில்கூடச் சரிவு இல்லை. சுற்றுச்சுவரில் தண்ணீர் வெளியேறும் குழாயின் நிழலைத் தேடினான், இல்லை. ஒரு மாடியில் நான்கு மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. இன்னொன்றில் மூடாமல் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, கறை இல்லை. தண்ணீர் ஒரு வாரம் தேங்கினால் போதும், வட்டமாக ஒரு கறுப்பு விழும். வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அது மசியாது. பன்னிரண்டு வருடமாக அந்தக் கறையோடுதான் அவன் குடும்பம் நடத்துகிறான். இங்கே இருநூறு மாடி இருந்தும் ஒரு வட்டம்கூட இல்லை.

“ஊர்ப் பேரு சொல்லுங்க தம்பி.”

சமையலறை வாசலில் இரண்டு விரல் தவித்தது. பெயர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் கல்யாணம். அவன் இன்னொரு முறை படத்தைப் பார்த்தான். ஒழுகாத மாடியை ஒழுகும் என்று சொல்லிக் காசு வாங்குகிற ஆட்களை அவனுக்குக் கண்டாலே ஆகாது. இதுவும் அந்த வகைதான் என்று மனசுக்குப் பட்டுவிட்டது.

“இது அந்த ஊர் இல்லைங்க” என்றான்.

“எந்த ஊர் இல்ல?”

அவன் ஊர்ப் பெயரைச் சொன்னான். வாசலில் நின்றவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வரவேற்பறைவரை கேட்டது.

அப்பா படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். “பின்னால எழுதியிருக்கிற பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான்ப்பா சொன்னேன்” என்றாள் அவள்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். போவதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. “மன்னிச்சிடுங்க. நான் செஞ்சது தப்பு. ஆனா இதுவும் தப்புங்க. ஒம்பது மாசம் மழை பெய்யற ஊர்ல எவனாவது மாடியில மெத்தையைப் போட்டு வைப்பானா? இங்க தண்ணி தேங்கின கறை ஒண்ணுகூட இல்ல. இந்த ஊர்க்காரங்க மழையைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும். என் தொழில் இங்க நடந்தா நான் பட்டினிதான்.”

அப்பாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. உருப்பெருக்கியை வாங்கினார். மெத்தைகளை எண்ணினார். பிறகு பெட்டியைக் கவிழ்த்து, எதையோ தேடி எடுத்தார். அந்தப் படத்தின் பின்னால் பாலைவனக் கரையோரத் துறைமுகம் ஒன்றின் பெயர். முன்னால் செங்குத்தான தகரக் கூரைகள், துருப்பிடித்து வழிந்த கோடுகள், ஒவ்வொரு கூரையின் ஓரத்திலும் தண்ணீர்க் கால்வாய். மழைக்குப் பிறந்து மழையிலேயே வளர்ந்த கூரைகள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பா கம்ப்யூட்டரில் இரண்டு ஊரையும் தேடி, படங்களைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு சீட்டையும் மாற்றி ஒட்டியிருந்தார்.

“பதினோரு வருஷம்!” என்றார். “பதினோரு வருஷமா தப்பை வச்சுக்கிட்டு ஊரையே ஃபெயிலாக்கியிருக்கேன்!”

அவன் கதவைப் பார்த்தான். அம்மா கையமர்த்தினார். அப்பாவோ போனை எடுத்து அம்மாவின் தம்பியைக் கூப்பிட்டார். பெட்டி தயாரான முதல் வாரமே அந்தத் தம்பி இதே படத்தைப் பார்த்துப் பாலைவனத் துறைமுகத்தின் பெயரைச் சொன்னாராம்; அன்றிலிருந்து இந்த வீட்டில் அவருக்குப் ‘பூகோளப் புலி’ என்றுதான் பட்டம். போகிற கல்யாணத்தில் எல்லாம் அந்தக் கேலி துரத்தியது.

“மச்சான், நீ சொன்னதுதான்டா சரி” என்றார் அப்பா.

எதிர்முனையில் எழுந்த கூச்சலில் அப்பா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். திட்டு முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. அவளும் அவனும் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விறைத்து நின்றார்கள்.

“விடையைத் திருடிக்கிட்டு வந்து, விடையே தப்புன்னு சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “திருட்டுக்குத் தனியா விசாரணை உண்டு, ரெண்டு பேருக்கும். அதுக்கு முன்னாடி இங்க வாங்க.”

மேஜை போதவில்லை. அறுபது படங்களையும் தரையில் பரப்பினார். இருவரும் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இந்த மாடியில் தார், இதில் ஓடு, இந்த வீட்டில் மூன்றாவது அறை கண்டிப்பாக ஒழுகும் என்று அவன் சொல்லச் சொல்ல, அப்பா அந்த ஊருக்கு எத்தனை மணி ரயிலில் பை போகும் என்று சொன்னார். டீ ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது. “அப்போ என்னங்க முடிவு?” என்று அம்மா இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். “இன்னும் முப்பத்தேழு இருக்கு, இரு” என்று பதில் வந்தது.

ஒரு படத்தில் அப்பாவின் விரல் நின்றது. ஒரு மூலை மட்டும் வெளுப்பாக, மீதியெல்லாம் கறுப்பாக ஒரு மாடி. அந்த வெளுப்பில் புள்ளியாக ஏதோ ஒன்று, அதிலிருந்து நீளமாக ஒரு நிழல்.

“ஒரு ஆளுங்க” என்றான் அவன், குனிந்து. “தார் பூசிக்கிட்டிருக்காரு. ஐயையோ, புதுசு போல. படிக்கட்டு இந்தப் பக்கம் இருக்கு. கதவுகிட்ட ஆரம்பிச்சு மூலை வரைக்கும் பூசிட்டாரு.”

“காயறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“இந்த வெயிலுக்கு ஒரு நாள்.”

“அப்போ அவரு எப்படி கீழ இறங்குவாரு, மாப்பிள்ளை?”

அப்பா உண்மையான கவலையோடு கேட்டார். அவனை என்னவென்று கூப்பிட்டார் என்பது அவர் காதிலேயே விழவில்லை. சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார். ஈரக்கையோடு ஓடிவந்த அவளும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நான்கு தலைகளுக்குக் கீழே, ஏதோ ஒரு ஊரின் காலை வெயிலில், ஈரத் தார் இரண்டு பக்கமும் மினுமினுக்க, வெளுப்பாய் மிஞ்சிய மூலையில் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.