சின்னவள் போட்ட ஃபர்ம்வேர்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் கற்பனை செய்த கதை அல்ல. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், ஒரு பக்கக் கன்னம் பந்துபோல் வீங்கி உட்கார்ந்திருந்த பெண் சொன்னது. வாயைத் திறக்கவே முடியாதவள் முக்கால் மணி நேரம் விடாமல் பேசினாள். வயிற்றெரிச்சலுக்கு முன்னால் பல்வலியெல்லாம் எந்த மூலைக்கு? கதை முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது நர்ஸ் கூப்பிட்டாள், அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு.

ஆக, கடைசி இரண்டு நிமிடம் என்னிடம் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

2.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மேலே ஒரு மருமகள், கீழே ஒரு மருமகள், நடுவே கண்சிமிட்டும் ஒரு ரௌட்டர்." (விளம்பர வாசகம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

"கம்பியில்லா சிக்னலின் வலிமை தூரத்தையும் சுவர்களின் தடிமனையும் பொறுத்து" (இதற்குப் பாடப்புத்தகமே வாங்கிப் படிக்கலாம்.)

"பெரியவளுக்குச் சின்னவளைக் கண்டால்"

இந்த மூன்றாவதை முடிக்க முடியவில்லை. பிடிக்காது என்று எழுதினால் பொய். பிடிக்கும் என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். அப்படியே விட்டுவிட்டேன்.

நேராகவே சொல்கிறேனே. அண்ணன் தம்பி இரண்டு பேர், மாடி வைத்த ஒரே வீடு. கீழே அண்ணன் குடும்பமும் மாமியாரும். மேலே தம்பியும் அவன் மனைவியும். பதினோரு வருடமாக அந்த வீட்டின் மூளை பெரியவள்தான். எந்தப் படிவம் வந்தாலும் அவள்தான் நிரப்புவாள். மாமியாரின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்து "பயப்பட ஒண்ணும் இல்ல அத்தை" என்று அவள் சொன்னால்தான் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்கும். சாயந்திரம் நாலு மணிக்குப் பின்கட்டு அறையில் லேப்டாப்பைத் திறந்து பதினோரு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். கணவன், மாமியார், பிள்ளை என்று யாருக்கும் பங்கில்லாமல் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான்.

போன வருடம் சின்னவள் வந்தாள். நெட்வொர்க் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே. வந்த மூன்றாம் மாதம் ஹாலில் இருந்த ரௌட்டரைக் கையிலெடுத்து, கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த ஃபர்ம்வேரை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினாள். அதாவது பெட்டி அதே பெட்டி, உள்ளே இருக்கிற மூளை வேறு. (மூளை என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரியவள் கவனித்தாள்.) அன்றுமுதல் நெட் பறந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் ரௌட்டரைக் காட்டி, "நம்ம சின்னவ பண்ணது" என்பாள். அதோடு போயிற்றா? அடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தபோது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மாடிப்படி ஏறினாள்.*

* எனக்கும் ஒரு ஓரகத்தி உண்டு. இந்தக் கதையில் நான் யார் பக்கம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

3.

ரௌட்டரின் செட்டிங் பக்கத்துக்குப் போகிற பாஸ்வேர்டைச் சின்னவளே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். "அவசரத்துக்கு உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்க்கா."

நம்பிக் கொடுத்தாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். பெரியவள் அப்படி நினைக்கவில்லை. 'உனக்கு இதைத் திறந்தாலும் ஒன்றும் புரியாது' என்கிற தைரியத்தில்தான் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். சீட்டைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மேலே சின்னவள் ஏதோ மீட்டிங்கில் இருந்தாள். அவள் பேசப் பேச நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் படியிறங்கி வந்தது. கூடவே மாமியாரின் சிரிப்பும். மாமியாருக்கு அங்கே என்ன வேலை? அந்தச் சிரிப்புதான் பெரியவளைப் பீரோவைத் திறக்க வைத்தது.

செட்டிங் பக்கத்தில் வயர்லெஸ் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக. இரண்டுக்கும் பக்கத்தில் சிக்னலின் பவர் எவ்வளவு என்று ஒரு எண். வீட்டில் இரண்டு தளம், திரையில் இரண்டு வரி. மேல் வரி மாடிக்கு, கீழ் வரி கீழ்வீட்டுக்கு. வேறு என்னவாக இருக்க முடியும்? பதினோரு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் போட்ட கணக்கு இது. மேல் வரியின் எண்ணைக் குறைத்துக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தி, சேமித்து, லேப்டாப்பை மூடினாள். மனசு குளிர்ந்தது. பிறகு நல்லபிள்ளையாகத் துணி மடிக்கப் போனாள்.

4.

அன்று நாலு மணிக்கு வகுப்பு ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் படம் உறைந்தது. "மிஸ், நீங்க வாயைத் திறந்தபடியே நிக்கறீங்க" என்றது ஒரு பிள்ளை.

மேலே மட்டும் மீட்டிங் ஜாம்ஜாமென்று நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில், தான் செய்ததுதான் தனக்குத் திரும்பியிருக்கிறது என்று பெரியவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்துப் பதிலுக்குப் பதில் செய்கிறாள் என்றே முடிவு கட்டினாள். 'வாயைத் திறந்து கேட்காமல் என் வகுப்பில் கை வைக்கிறாளா? சரி, நானும் கேட்க மாட்டேன்.' படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னவள் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது, 'நடிப்பைப் பாரு' என்று மனசுக்குள் பொரிந்தாள்.

இரண்டு வாரத்தில் பதினோரு பிள்ளைகள் ஏழானார்கள். வெள்ளிக்கிழமை ஒரு அம்மா ஏழு பேர் சார்பிலும் செய்தி அனுப்பினாள். நாளைய வகுப்பும் இப்படியே என்றால் எல்லோரும் வேறு மிஸ்ஸிடம் போய்விடுவார்களாம். பெரியவள் சமையலறையில் நின்று அதைப் படித்து அழுததை மாமியார் பார்த்துவிட்டாள். சனிக்கிழமை மூன்றரை மணிக்குப் படியடியில் நின்று குரல் கொடுத்தாள். "சின்னவளே, கொஞ்சம் கீழ வந்து இந்த நெட்டைப் பாரும்மா. இவ கிளாஸே போயிடும்போல இருக்கு."

5.

சின்னவளை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்படி ஒருத்தி இருப்பாளா? ஏதாவது ஒரு குறை கொடுக்கலாம் என்று பார்த்தேன். "உதட்டோரம் ஏளனமாகச் சிரித்தபடி அவள் படியிறங்கி" என்று எழுதிவிட்டு அடித்தேன். அவளைக் கண்டால் ஆகாத பெரியவளே, காத்திருப்பு அறையில் என்னிடம் சொல்லும்போது அப்படிச் சொல்லவில்லை. "சிரிச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றுதான் சொன்னாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

ஆகவே சின்னவள் சிரிக்காமல்தான் இறங்கி வந்தாள். முதலில் ரௌட்டரின் ஆண்டெனாக்களை முறுக்கிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தன. போனில் சிக்னலை அளந்தபடி ஹாலிலிருந்து பின்கட்டுக்கு நடந்தாள். இரண்டாவது சுவரைத் தாண்டியதும் எண் சரிந்தது. அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் இதே சேனலில் மோதுகின்றனவா என்று பார்த்தாள். மோதவில்லை. கடைசியாகப் பெரியவளின் மேஜையில் தன் லேப்டாப்பை வைத்து அந்த செட்டிங் பக்கத்தைத் திறந்தாள்.

"இதென்னக்கா, பவர் ஒண்ணுல நிக்குது?"

பெரியவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இந்த மேல் வரிதான் சுவரைத் தாண்டிப் போற அலைவரிசை. உங்க லேப்டாப் பழசு, அது இதை மட்டும்தான் பிடிக்கும். கீழ் வரி வேகமானது, ஆனா ரெண்டு சுவருக்கு மேல தாங்காது."

"அப்ப மாடிக்கு எது?"

"மாடிக்குன்னு தனியா எதுவும் இல்லக்கா. நான்தான் கேபிள் இழுத்துப் போட்டிருக்கேனே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது பெரியவளுக்கு. பதினைந்து நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

6.

சின்னவள் எண்ணைப் பழையபடி ஏற்றிச் சேமித்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தொழில் புத்தி, காரணம் தெரியாமல் விடுமா? "யார் எப்ப உள்ள போனாங்கன்னு லாக்ல பதிவாகியிருக்கும், பாத்துடறேன்" என்றாள்.

திரையில் பொடிப்பொடி எழுத்தாக வரிகள் ஓடின. ஓடிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றன. தேதி, மதியம் இரண்டே முக்கால், உள்ளே போன லேப்டாப்பின் பெயர். பெரியவள் தோளுக்குப் பின்னால் நின்று தன் லேப்டாப்பின் பெயரைத் தானே படித்தாள்.

(இங்கே ஒரு பக்கத்துக்கு அவள் மனநிலையை வர்ணித்திருந்தேன். "அவமானத்தின் இருண்ட" என்று தொடங்கிய பக்கம். கிழித்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு மனநிலை ஏது, வியர்வைதான்.)

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தை மூடினாள். எழுந்து ஹாலுக்குப் போய் ரௌட்டரின் ஸ்விட்சை அணைத்தாள். பெரியவளும் பின்னாலேயே போனாள்.

"ஒரு தடவை அணைச்சுப் போட்டுடலாம்க்கா. பழைய லாக் எல்லாம் அழிஞ்சிடும்."

சொன்னது அவ்வளவுதான். பார்த்துவிட்டாள், அழித்துவிட்டாள், அழித்ததையும் சொல்லிவிட்டாள். பெரியவளுக்கு நன்றி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. 'இதிலயும் இவதான் பெரிய மனுஷியா?' என்று பற்றிக்கொண்டு வந்தது. சோபாவில் இருந்த மாமியார் கேட்டாள். "என்னதாம்மா கோளாறு?"

"நான் போட்ட ஃபர்ம்வேர்லதான் அத்தை. சில சமயம் தானா இப்படிப் பண்ணிடும்" என்றாள் சின்னவள்.

மாமியாரின் முகம் மாறியது. "கம்பெனிக்காரன் போட்டது நல்லாத்தானே இருந்துச்சு. அதை எதுக்கு நோண்டணும்? இவ கிளாஸ்ல நாலு பிள்ளைங்க போயிடுச்சு, தெரியுமா? தொடறதுக்கு முன்னாடி பெரியவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. இத்தனை வருஷம் இந்த வீட்டைப் பாத்துக்கிட்டவ அவதானே."

"தப்புதான் அத்தை" என்றாள் சின்னவள், ஸ்விட்சைப் போட்டபடி.

7.

ரௌட்டர் எழுந்து சிக்னல் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். என்னிடம் இல்லாத இரண்டு நிமிடம் அதுதான். மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

அ. பெரியவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். ஓரகத்திகள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதிய எனக்கே கூச்சமாக இருந்தது. என் ஓரகத்தி இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆ. பெரியவள் பெருந்தன்மையாக, "விடுங்க அத்தை, சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா" என்கிறாள். இது நடந்திருக்கலாம் என்பதுதான் பயமாக இருக்கிறது. ஒரே மூச்சில் எழுத வந்ததும் இது ஒன்றுதான்.

இ. பெரியவள் ஒன்றும் பேசாமல் பின்கட்டுக்குப் போய் வகுப்பு எடுக்கிறாள். ஏழு முகங்களும் பளிச்சென்று தெரிகின்றன. ஒரு

மேலே எழுதவில்லை. பேசாமல் போவதும் இரண்டாவது முடிவுதான், கதவை மட்டும் சத்தமில்லாமல் சாத்துகிறாள்.

ஒரு வருடமாக எந்த வார்த்தைக்காகப் பெரியவள் ஏங்கினாளோ அதை மாமியார் இப்போது வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் நிறுத்தவில்லை. கேட்கக் கேட்க இனிக்கத்தான் செய்கிறது. அதுதான் கொடுமை. சின்னவள் தலையைக் குனிந்து ரௌட்டரின் விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாலு மணி ஆகப்போகிறது, பிள்ளைகள் உள்ளே வர ஆரம்பித்தால் அப்புறம் எதுவும் பேச முடியாது.

மாமியார் மூச்சு விட நிறுத்தும்போது பெரியவள் பேசலாம். என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் போன வாரமே என் ஓரகத்திக்குப் போன் போட்டிருப்பேன். அந்த வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.