ஒன்பது கிலோ அதிகம்

மகள் கல்லூரி விடுதிக்குப் போன மறுவாரமே அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கிவிட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் கணவனும் மனைவியும் மட்டும் போகப்போகும் முதல் பயணம். ஒரு வாரம், மலைக்கு, மண் பாதையில். அந்த வாரத்துக்காக அவள் அலுவலகத்தில் சண்டை போட்டு விடுப்பு வாங்கினாள். அவர் பட்டியல் போட்டார்.

முன்னால் இரும்புக் காப்பு, அடியில் தகடு, கூரைமேல் கேரியர், பின்னால் சாமான் வைக்க இழுப்பறைகள், சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்க வின்ச்.

பட்டறைக்காரர் எதையும் உடனே பொருத்திவிட மாட்டார். ஒவ்வொரு பாகத்தின் எடைக்கும் ஒரு மணல் மூட்டை கட்டி, அது வரவேண்டிய இடத்தில் ஏற்றி, முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார். மூட்டைமேல் சாக்பீஸால் பெயரும் எடையும் எழுதிவிடுவார். வண்டியில் போகிறவர்களையும் தராசில் ஏற்றாமல் விடமாட்டார்.

"வண்டி தாங்குறது நானூத்தம்பது கிலோ. மூட்டைங்க அஞ்சும் முந்நூத்திப் பத்து. சார் எண்பத்திமூணு, அக்கா அறுபத்தாறு. ஒன்பது கிலோ அதிகம்."

"இழுப்பறைல வைக்கிற சாமான்?" என்றாள் அவள்.

"அதுல எதுவும் வைக்காம இருந்தாத்தான் ஒன்பது."

கணவர் ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி தராசில் ஏறினார். முக்கால் கிலோ குறைந்தது. வாட்ச்சைக் கழற்றினார். பெல்ட்டில் கை வைத்தபோது பட்டறைக்காரர் தடுத்தார். "வேணாம் சார், எதிர்ல துணிக்கடை. ஆளுங்க வந்து போற நேரம். பேசாம ஏதாவது ஒண்ணை இறக்கிடுங்க."

கணவரின் பார்வை ஒவ்வொரு மூட்டையாகத் தடவிக்கொண்டு போய்க் கடைசியில் மனைவியிடம் நின்றது.

"ஏம்மா, நீ வேணும்னா பஸ்ல வந்துடேன். அடிவாரத்துல நான் காத்துட்டு இருக்கேன்."

"தாராளமா. தகட்டைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க, அதுக்கு வாந்தி வந்தா ஓரமா நிறுத்துங்க." அவள் போய் அடுக்கியிருந்த டயர்கள்மேல் உட்கார்ந்தாள். "நான் நாளைக்கே வேலைக்குப் போறேன். லீவை ரத்து பண்ணிடறேன்."

விளையாட்டுப் பேச்சில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. கணவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் வின்ச் மூட்டையின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர் இன்னொரு மூட்டை கட்டினார். 'அக்கா 66' என்று எழுதி, முன் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். "ஆள் குறைஞ்சா கணக்கு தப்பும் சார். பின்னாடி திடல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

பத்து நிமிஷத்தில் வரவேண்டியவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். முழங்கால்வரை சேறு. கூரைமேல் ஒன்றுமில்லை. பின்னாலும் ஒன்றுமில்லை. முன் இருக்கையில் 'அக்கா 66' மட்டும் பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"மத்ததெல்லாம் எங்க சார்?"

"பள்ளத்துல மாட்டிக்கிச்சு. ஒவ்வொண்ணா உருட்டி விட்டேன். அஞ்சாவதை இறக்கினப்புறம்தான் நகர்ந்துச்சு."

"இதுதானே சார் கதவோரமா இருக்கு. பெல்ட்டைக் கழட்டி ஒரு தள்ளு தள்ளியிருந்தா முதல்லயே கிளம்பியிருக்கும்."

அவர் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார். "கழட்டத்தான் போனேன். அக்கான்னு எழுதி வெச்சிருக்கீங்க. எப்படித் தள்றது?"

"பொண்டாட்டியை பஸ்ல ஏத்த முடியுது," என்றாள் அவள், டயர்மேலிருந்து இறங்காமலே. "மூட்டையை இறக்க முடியலையாக்கும்."

"அது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. வண்டி மாட்டினதும் திரும்பி, 'என்ன பண்றது இப்போ'ன்னு கேட்டுட்டேன். பதிலே இல்ல." மனைவி பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு வாரம் ஓட்ட முடியாது. லீவை ரத்து பண்ணாதே."

அவள் பட்டறைக்காரரைப் பார்த்தாள். "அந்த அடித்தகடு மட்டும் போடுங்க. கல்லு அடிக்கிற பாதைதானே. மிச்ச எடைக்கெல்லாம் என் பொட்டிங்க வரும்."

கணவர் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்து, இருக்கையில் இருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு பெல்ட்டைக் கழற்றி அதைத் தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் கீழே போடாமல், முகம் சிவக்க, நிழல் பார்த்து இறக்கிவைத்தார்.

அவர் நிமிர்வதற்குள் அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டிருந்தாள்.

"வாங்க, திடல்ல கிடக்கிறதை எல்லாம் பொறுக்கிட்டு வரலாம். இந்தத் தடவை மாட்டினா நீங்க இறங்கித் தள்ளுங்க."