விசேஷம் ஒன்றும் இல்லை

துணிக்கடையில் அவளுக்கு இஸ்திரியக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்குள் முடங்கிக் கிடந்தது. பெண்கள் பிரிவில் வேலை பார்க்கும் அத்தனை பேரிலும் மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவள் அவள்தான். சட்டையைப் பாவாடைக்குள் செருகி, இடுப்பில் பட்டையைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றால், கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கே கொஞ்சம் வெட்கமாகிவிடும் என்று பில் போடுகிறவள் கிண்டல் செய்வாள்.

அந்த இடுப்புக்குத்தான் கண் பட்டது. குடலில் ஒரு கட்டி வந்தது. மருத்துவர்கள் கட்டியையும் எடுத்து, கூடவே குடலின் கடைசிப் பகுதியையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய குடலின் நுனியைத் தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக வெளியில் கொண்டுவந்து தைத்தார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும், நேரங்காலம் பார்க்காது. காற்றும் வரும், அது சத்தத்தோடு வரும். "பாக்க ரோஜா மொட்டு மாதிரி இருக்கும்மா" என்று நர்ஸ் ஆறுதல் சொன்னாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் ரோஜாப்பூவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

உயிர் மிஞ்சியதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். சொன்ன வாயோடு அலமாரியைத் திறந்தாள், அங்கேதான் அழுகை வந்தது. அவளிடம் இருந்த ஒவ்வொரு பாவாடையின் இடுப்புப் பட்டையும் சரியாக அந்த மொட்டின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. பட்டை அழுத்தினால் உள்ளேயிருந்து வருவது பைக்குள் இறங்காமல் சுற்றிலும் பரவும், ஒட்டு விட்டுப்போகும், அப்புறம் மானமும் விட்டுப்போகும். பை நிரம்ப இடம் வேண்டும், இடுப்புப் பட்டை ஒன்று மேலே ஏற வேண்டும், அல்லது கீழே இறங்க வேண்டும், நடுவில் நின்று வழி மறிக்கக் கூடாது என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஊருக்கெல்லாம் உடை எடுத்துக் கொடுத்த கைக்குத் தனக்கு ஒன்று எடுக்கத் தெரியவில்லை. கடைசியில் மார்பிலிருந்து கணுக்கால்வரை தொளதொளவென்று இறங்கும் ஒரு பூப்போட்ட கவுனைப் பிடித்தாள். பூப்போட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே நிறத் துணியென்றால் பை உப்பியது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும், பூக்களுக்கு நடுவில் என்றால் அதுவும் ஒரு பூவாக ஒளிந்துகொள்ளும்.

விஷயம் தெரிந்தவன் வீட்டில் கணவன் ஒருவன்தான். கடைக்கு, சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தாள். மறைத்ததற்கும் காரணம் உண்டு. முன்பு ஒருத்திக்கு முகத்தில் வெண்திட்டு விழுந்தபோது, வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாதென்று அவளைக் குடோனுக்கு அனுப்பினார்கள். குடோன் என்பது கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. அங்கே ஹேங்கர் எண்ணப் போனவர்கள் யாரும் இதுவரை வெளிச்சத்துக்குத் திரும்பியதில்லை. இஸ்திரியக்காவுக்குத் துணி விற்பது வெறும் வயிற்றுப்பிழைப்பு அல்ல. ஒருத்தி கண்ணாடி முன்னால் திரும்பி நின்று தன்னையே தனக்குப் பிடித்துப்போய்ச் சிரிப்பாளே, அதைப் பார்ப்பதற்காகவே அவள் காலையில் எழுந்தாள்.

வேலைக்குத் திரும்பிய நாளில், எல்லாரும் மேடம் என்று அழைக்கும் மேற்பார்வைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வயிறு களகளவென்றது. இஸ்திரியக்கா சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து அமுக்கினாள். மேடத்தின் முகம் மலர்ந்தது.

"என்ன, விசேஷமா?"

விசேஷம் என்பது நம்மிடம் உள்ள சோம்பேறிச் சொற்களில் ஒன்று. திருநாளும் விசேஷம்தான், பக்கத்து வீட்டுச் சங்கதியும் விசேஷம்தான். ஆனால் கல்யாணமான பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம். இஸ்திரியக்காவின் காது முழுக்க வயிற்றுச் சத்தத்தில் இருந்தது. கேள்வி பாதிதான் விழுந்தது. "ம்" என்றாள்.

அந்த ஒற்றை எழுத்து கடையைப் புரட்டிப்போட்டது.

முதலில் நாற்காலி வந்தது. விற்பனைப் பெண் உட்கார்ந்தால் வியாபாரமும் உட்கார்ந்துவிடும் என்பது மேடத்தின் சித்தாந்தம். பெண்கள் பிரிவில் இருந்த ஒரே நாற்காலி பில் போடுகிறவளுடையது, அவளுக்கு மூட்டுவலி. மேடம் அதை அவளுக்கு அடியிலிருந்து உருவாத குறையாக எடுத்து வந்து இஸ்திரியக்காவுக்குப் போட்டாள். பாரமான கட்டுகளை மற்றவர்கள் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். கழிப்பறைக்கு எத்தனை முறை போனாலும், "போய்ட்டு வாங்கக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, தங்களுக்கும் பாக்கியம் ஒட்டட்டும் என்று அவள் வயிற்றைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நல்லவேளை, எல்லாரும் வலப்பக்கமே தொட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சீருடையிலிருந்து விலக்குக் கிடைத்தது. முதலாளி அப்போதுதான் புதுச் சீருடை ஒன்றைப் பிரியப்பட்டு வரவழைத்திருந்தார். உள்ளே செருகிய சட்டை, இறுக்கிப் பிடித்த பாவாடை, கைப்பிடி அகலத்தில் பெல்ட், அதில் கடைச் சின்னம் பொறித்த பித்தளைக் கொக்கி. மூச்சு விடுவதைப் பற்றி அதைத் தைத்தவன் யோசிக்கவே இல்லை. பிள்ளை பிறக்கும்வரை உனக்கு இது வேண்டாம் என்று மேடம் சொன்னபோது, இஸ்திரியக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட அவள் பலமுறை வாயைத் திறந்தாள். திறந்த வாயில் யாராவது பழம் உரித்துக் கொடுத்தார்கள். பில் மேசையில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நிற்கிறவளைப் பார்க்கும்போது மட்டும் நாற்காலி முள்ளாகக் குத்தியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. சுகம் அப்படிப்பட்டது, கடவுள் பக்தியுள்ளவர்களையும் அது உட்கார வைத்துவிடும்.

கணவன் பஸ் ஓட்டுகிறவன். கடைப்பெண் ஒருத்தி அவன் வண்டியில் ஏறி, நடு ரோட்டில் உரக்க வாழ்த்துச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"ஏன்டி, நான் அப்பாவாகப் போறேனாமே. எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள்.

"பஸ்ஸே கை தட்டுச்சு. இல்லேன்னு சொல்ல எனக்கும் மனசு வரல" என்றான் அவன். பிறகு யோசித்து, "நாளைக்குப் பையனா பொண்ணான்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவ?"

"பைதான்னு சொல்லுவேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு அவன் மெதுவாக, பத்து மாதத்துக்கு மேல் எந்தப் பொய்யும் வயிற்றில் தங்காது என்றான். அவளுக்கு அது தெரியாமலில்லை.

பத்து மாதம் பொறுக்கவில்லை. ஒரு காலையில் நடுவயதுப் பெண் ஒருத்தி கடைக்குள் வந்தாள். கைப்பையைத் தோளில் போடாமல் வயிற்றுக்கு முன்னால் கேடயம் போலப் பிடித்திருந்தாள். துணியைத் தொட்டுப் பார்க்காமல் ஒவ்வொரு பாவாடையின் இடுப்பை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினாள். தான் பள்ளிக்கூடத்து டீச்சர் என்றும், நெடுநாள் விடுப்புக்குப் பிறகு வேலைக்குப் போகப்போவதாகவும் சொன்னாள். ரேக் கலைகிற எரிச்சலில் மேடம், கலையாத புன்னகையோடு, இந்த வயதுக்கு எலாஸ்டிக்தான் வசதியென்றால் நைட்டியெல்லாம் மேல்மாடியில் இருக்கிறது என்றாள். டீச்சரின் முகம் செத்துவிட்டது. வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

நாற்காலி முதல் முறையாகக் காலியானது. இஸ்திரியக்கா அவள் பக்கத்தில் போய், காதோடு கேட்டாள்.

"இடப்பக்கமா, வலப்பக்கமா?"

டீச்சர் திடுக்கிட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "வலப்பக்கம்" என்றாள். "உங்களுக்கு எப்படி..."

"எனக்கு இடப்பக்கம். வாங்க."

உடை மாற்றும் அறையில் திரையை இழுத்துவிட்டு, இஸ்திரியக்கா தன் கவுனைத் தூக்கிக் காட்டினாள். கர்ப்பிணிகளுக்கென்று வந்து விலைபோகாமல் கிடந்த பாவாடை ஒன்றை எடுத்து வந்தாள். அதன் அகலமான பின்னல் பட்டை பையையும் சேர்த்து அணைத்துக்கொண்டு மேலே ஏறியது, எங்கும் இறுக்கவில்லை. மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்த மேல்சட்டை ஒன்று, கட்டம் போட்டது. பை நிரம்பும்போது துணிக்கும் இடம் வேண்டுமே, அதனால் ஒரு அளவு பெரியது. கையை உயர்த்திப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், குனிந்து சாக்பீஸ் எடுப்பது போலச் செய்யுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். டீச்சர் குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணாடி முன்னால் திரும்பி நின்றாள். அந்தச் சிரிப்பு வந்தது. அப்போது இருவர் வயிறும் ஒரே சமயத்தில் களகளத்தன.

"ரெண்டும் பேசிக்குது போல" என்றாள் டீச்சர். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த மேடம் திரையை விலக்கினாள். தூக்கிய கவுனையும் அதற்குள் இருந்த பையையும் பார்த்தாள்.

"அப்ப கொழந்த?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் இஸ்திரியக்கா. "பைதான்."

மேடம் கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள். நாகரிகம் தெரிந்தவள் ஆனதால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அங்கே எந்த வாடையும் இல்லை. நல்ல ஒட்டுள்ள பையிலிருந்து வாடை வராது. ஆனால் பையைக் கண்ணால் பார்த்த பிறகு மூக்கு சும்மா இருக்குமா?

டீச்சர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள். மதியத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பாக்கியம் வாங்கிப் போனவர்கள் வரிசையில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். பாரமான கட்டுகள் தானாகவே அவள் பக்கம் திரும்பி வந்தன. நாற்காலி பில் மேசைக்குப் போனது. பிள்ளை சுமந்தவளுக்குக் கால் வலித்தது, நோய் சுமந்தவளுக்கு வலிக்காது என்று அந்தக் கடை எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. மாலையில் மேடம் சீருடைப் பொட்டலத்தையும் பெல்ட்டையும் நீட்டினாள். நாளை முதலாளி பார்வையிட வருகிறார், இதைப் போட்டுக்கொண்டு வா, முடியாதென்றால் குடோன் என்றாள். இஸ்திரியக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாவாடையின் இடுப்பைக் கத்தரித்தாள். அகலமான இழுபடும் துணியை அந்த இடத்தில் வைத்துத் தைத்தாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தான். பெல்ட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கொக்கி சரியாக மொட்டின் மேல் உட்கார்ந்தது. கழற்றி மூலையில் போட்டாள். கடவுளே, வயிற்றுக்கு ஒரு வழி செய்தாய், வாய்க்கும் ஒரு வழி செய் என்று வேண்டிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் முதலாளி வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவர் வயிறு வந்தது. பெல்ட் இடைஞ்சலான அந்த இடத்தில் கால்சட்டையைத் தோளிலிருந்து இரண்டு வார்கள் தாங்கிப் பிடித்திருந்தன. வரிசையாகக் கொக்கி மின்ன நின்ற பெண்களைப் பார்த்து மகிழ்ந்துகொண்டே வந்தவர், சட்டையை வெளியே விட்டு நின்ற ஒருத்தியிடம் நின்றார்.

"இவங்க மட்டும் பெல்ட் போடல ஐயா" என்றாள் மேடம்.

"ஏன்?"

இஸ்திரியக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தாள். "நீங்களும் போடலியே ஐயா."

யாரோ ஒருத்தி இருமினாள். முதலாளி தம் வார்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெல்ட் போட்டால் சாப்பிட்டதெல்லாம் மேலே ஏறுகிறது, டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று ஏனோ அவர்தான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"எனக்கு டாக்டர் வயித்துல ஒரு வழி வச்சிருக்காரு, பை ஒட்டிருக்கேன். சாப்பிட்டது அதுல எறங்கணும். நல்லா நிக்கறேன், நல்லா விக்கறேன். பெல்ட்டால வயித்துல அடிக்காதீங்க ஐயா."

வயிற்றில் அடிப்பது என்றால் பிழைப்பைக் கெடுப்பது என்றும் ஆகும், கொக்கியால் குத்துவது என்றும் ஆகும். எதற்குப் பதில் சொல்வதென்று முதலாளிக்குப் புரியவில்லை. மற்றவர் வயிற்றைப் பற்றி அவர் வாழ்க்கையில் யோசித்ததில்லை, அன்றைக்கு யோசிக்க நேர்ந்ததில் கொஞ்சம் வியர்த்தது.

"சரி, வெளிய விட்டுக்கோ" என்றார். போகிற போக்கில் மேடத்திடம், பொம்மையின் மேல் தூசி இருக்கிறதென்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். அது நியாயமில்லைதான்.

இஸ்திரியக்கா ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் இன்னும் ஒரு கை தள்ளியே நின்றார்கள். கர்ரென்று ஏதோ தரையில் உரசியது. பில் போடுகிறவள் தன் நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உக்காருக்கா."

"விசேஷந்தான் இல்லியேடி."

"கால் இருக்குல்ல. காலைல நீ, மதியம் நான்."

இத்தனை நாளும் அதைப் பறித்து வைத்திருந்த வெட்கத்தோடு இஸ்திரியக்கா உட்கார்ந்தாள். வயிறு களகளவென்றது. கை வழக்கம்போல மூடப் போனது. பில் போடுகிறவள் நகரவில்லை, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"என்னவாம்?"

"நாற்காலி நல்லா இருக்காம்."

"மதியம் வரைக்குந்தான்னு சொல்லிடு" என்றுவிட்டு அவள் காலைக் கெந்திக்கொண்டு பில் மேசைக்குப் போனாள்.