தோலுக்கு உப்பு

டாக்காவில் பெருநாள் தொழுகை முடிந்திருந்தது. ஷாஹினூர் வாசலில், இறந்துபோன தன் கணவர் பெயரில் அவள் பலி கொடுத்த குர்பானி மாட்டின் தோல் கிடந்தது. எப்போதும் அது அனாதை இல்லத்துக்குத்தான்; விற்றுப் பிள்ளைகள் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். வேனில் வந்த ஓர் இல்லத்துக்காரர் முந்திக்கொண்டார்.

"எங்களுக்கே குடுங்க அக்கா. ஊரறிஞ்ச இல்லம்."

"போன வருசமும் உங்களுக்குத்தான் குடுத்தோம். உப்புப் போட ஆளில்லாம உங்க இல்லத்துக்குப் பின்னால அழுகிக் கிடந்தத என் கண்ணால பாத்தேன். ஊரறிஞ்ச பேரை வச்சு நாக்கு வழிக்கவா?"

வேன் வெறுமனே கிளம்பியது. அடுத்து ரிக்‌ஷாவில் வந்தவர் வேறொரு சின்ன இல்லத்துக்காரர். வெயில் ஏறுவதைப் பார்த்தார். கொண்டுவந்த உப்பைக் கொட்டி, குந்தி உட்கார்ந்து தோலில் தேய்க்கத் தொடங்கினார்.

"இன்னும் உங்களுக்குத் தர்றேன்னு சொல்லலையே?" என்றாள் ஷாஹினூர்.

"யாருக்குக் குடுத்தாலும் கெடக் கூடாதுல்ல, அக்கா."

அவள் குனிந்து தோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.