செப்பனியாவுக்குச் சூரியன் மறைய வேண்டும்

மற்ற நாடுகளில் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆட்டத்தன்று கோட்டு மாட்டிக்கொண்டு, பேட்டி கொடுத்துக்கொண்டு இருப்பார். ஹெஸ்கெத் துராண்ட் மைதானத்தில் ஆட்டுப் புழுக்கை பெருக்கிக்கொண்டிருந்தார். ஆடுகள் யாருடையவை என்பது ஊருக்கே தெரியும். கால்பந்து சங்கத் தலைவரின் மாமியாருடையவை. அதனால் அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பதினெட்டு வருடம் இந்தச் சின்னத் தீவு நாட்டுக்காக இடது பின்வரிசையில் ஆடியவர். பந்து அவர் மேல் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது என்பதால் ஊர் அவருக்கு 'பலகை' என்று பெயர் வைத்தது. நடுவில் ஒரு குளிர்காலம் இங்கிலாந்தில் ஒரு சின்ன கிளப்புக்கு ஆடப் போய், ஒரு கம்பளித் தொப்பியும் நெஞ்சுச் சளியும் சம்பாதித்துத் திரும்பினார். தொப்பி தொலைந்துவிட்டது. முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டபோது, பயிற்சியாளர் வேலைக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை. இவரும் தூக்கவில்லை, ஆனால் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டார். வராதவர் தலையில் கட்டுவதுதான் சங்கத்தின் வழக்கம்.

நாலு வருடமாயிற்று. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. சமன் செய்த ஒன்றிலும் பாதி புண்ணியம் மழைக்கு.

"இன்னையோட சரி, க்ளோடெட்" என்று காலையில் மனைவியிடம் சொல்லியிருந்தார். "ஜெயிச்சாலும் தோத்தாலும் விட்டுடறேன். உடம்பு கேக்கல."

"போன கிறிஸ்மஸுக்கும் இதேதான் சொன்ன. கொக்கோ ஆறுது, குடி."

அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. விடுவதற்கு முன் ஒரே ஒரு வெற்றி வேண்டும். கோப்பை வேண்டாம். சந்தையில் மீன் வாங்கப் போனால் "இந்தா பலகை, எத்தனை கோலு வாங்கின, எத்தனை மீனு வேணும்?" என்று கேட்காத ஒரு சனிக்கிழமை. அவ்வளவுதான் ஆசை.

இன்றைக்கு ஆட வரும் பக்கத்துத் தீவுக்காரர்கள் இப்போது அவ்வளவு பிரமாதமில்லை, ஜெயிக்கலாம். கோல் போட ஆள் இருந்தால். ஆள் இருந்தான். செப்பனியா வால்மண்ட், கொத்தனார். கல் சுமந்த தோள், வலது காலில் மாட்டு உதை. ஆனால் அவன் செவன்த் டே சபை. வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்ததிலிருந்து சனிக்கிழமை சூரியன் விழும்வரை ஓய்வுநாள். கொத்துக் கரண்டியும் தொடமாட்டான், பந்தும் தொடமாட்டான். ஆட்டமோ சனிக்கிழமை நாலு மணிக்கு.

முந்தின நாள் வெயில் தாழும் முன் அவன் வேலை செய்யும் இடத்துக்கே ஹெஸ்கெத் போயிருந்தார்.

"முழுசா மறையணும் கோச். பாதி மறைஞ்சதெல்லாம் கணக்குல வராது."

"மறைஞ்ச உடனே வருவியா?"

"கோயில்லேருந்து நேரா வந்து கேட்டுக்கு வெளிய நிப்பேன். பூட்ஸ் எடுத்துட்டு வரமாட்டேன். சுமக்கறதும் வேலைதான்."

"நான் சுமக்கறேன், சாமி. நமக்குத்தான் எந்த நாளும் ஓய்வே இல்லையே."

ஹெஸ்கெத்திடம் ஒரு திட்டம் இருந்தது. நவம்பர் மாதம், ஆறு மணிக்குள் சூரியன் கடலில் இறங்கிவிடும். ஆட்டம் அரைமணி தாமதமாகத் தொடங்கினால் கடைசிக் கட்டத்தில் செப்பனியா கிடைப்பான். அதற்கு விளையாட்டு மந்திரி ரெஜினால்ட் பெல்லோ இருக்கிறார். அவர் மைக்கைப் பிடித்தால் சுலபத்தில் விடமாட்டார். ஒருமுறை அவர் பேச்சு முடிவதற்குள் கோல்கீப்பர் மயங்கி விழுந்திருக்கிறான். இத்தனை வருடம் சாபமாக இருந்தது இன்றைக்கு வரமாகப் போகிறது என்று ஹெஸ்கெத் உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தார்.

நாலு மணி. பள்ளி பேண்டு, இரண்டு நாட்டுப் பண், போதகரின் ஜெபம். மந்திரி எழுந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நண்பர்களே, வெயில் ஜாஸ்தி. நல்லா ஆடுங்க."

உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கிளம்பிய கைதட்டல், அந்த மனிதர் தேர்தலில்கூடக் கேட்டிராதது. ஹெஸ்கெத் மேடைக்கு ஓடினார், ஓட்டம் என்று அதைச் சொல்லலாமென்றால்.

"ஐயா, இவ்வளவுதானா? இளைஞர்களுக்கு... நாட்டோட எதிர்காலம்... ஏதாவது ரெண்டு வார்த்தை..."

மந்திரி நிஜமாகவே மனம் நொந்து அவரைப் பார்த்தார். "ஏன்யா, போன மாசம் ரேடியோவுல நீதானே சொன்ன? மந்திரி பேசி முடிக்கறதுக்குள்ள நம்ம பசங்களுக்குக் காலு மரத்துப் போவுது, அதனாலதான் தோக்கறோம்னு. என் வீட்டுக்காரி அதக் கேட்டுட்டு இன்னும் சிரிச்சிட்டிருக்கா."

"அது சும்மா தமாசுக்கு ஐயா."

"நான் சீரியஸா எடுத்துக்கிட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும். ஹெஸ்கெத் கீழே இறங்கி வந்தார்.

ஆட்டம் தொடங்கியது. பத்தே நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினார்கள். இடைவேளைக்குப் பிறகு எதிராளியே தன் கோலுக்குள் ஒன்றைத் தள்ளிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். ஒன்றுக்கு ஒன்று. ஹெஸ்கெத் பெஞ்சிலிருந்து எழுந்து எல்லைக்கோட்டுக்கே வந்துவிட்டார். நம்பிக்கை என்ற அந்தச் சனியனை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

மந்திரி செய்யாததை இனி ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டியதுதான். ஒருவன் பூட்ஸ் கயிறு கட்டினான். ஒரு கல்யாணம்கூட அவ்வளவு நேரம் நடந்திருக்காது. இன்னொருவன் யாரும் தொடாமலே விழுந்து, தொடையைப் பிடிப்பதா காலைப் பிடிப்பதா என்று குழம்பி இரண்டையும் பிடித்தான். எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் கத்தினார். நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, வீணான நேரமெல்லாம் சேர்த்து ஆடுவீர்கள் என்றார். ஹெஸ்கெத்துக்கு வேண்டியதும் அதுதான்.

கேட்டுக்கு வெளியே செப்பனியா வந்து நின்றான். கறுப்பு கோட்டு, கையில் வேதப்புத்தகம், பக்கத்தில் வெள்ளைத் தொப்பியில் அவன் அம்மா மிஸ் அக்னெஸ். உடைமாற்றும் அறையின் சுவர் அவர்களுக்குக் கடலை மறைத்தது. எல்லைக்கோட்டில் நின்ற ஹெஸ்கெத்துக்குத் தெரிந்தது. நம் கோல்கீப்பர் ஆல்ட்விக்கின் கோல் கடல் பக்கம். வலைக்குப் பின்னால் சூரியன் பழுத்துத் தொங்கியது.

இப்போது யாரும் பந்தைப் பார்க்கவில்லை.

"எறங்குடா கழுத! வீடு வாசல் கெடையாதா உனக்கு?" என்று மீன் வடைக்காரி மிஸ் யூலாலி சூரியனைத் திட்டினாள்.

"அரசாங்க ஆபீஸ்னா மத்தியானமே கெளம்பிடுவான். இவன் பாரு, ஓவர்டைம் பாக்கறான்" என்றான் டிக்கெட் வாங்காமல் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவன்.

சூரியன் கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு மேகம் படுத்திருந்தது. சூரியன் அதற்குள் நுழைந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்தது.

"போயிடுச்சு! செப்பனியா, போயிடுச்சு! உள்ள வாடா!"

செப்பனியா அசையவில்லை. ரம்மடித்துவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பவர்களின் வாக்கை ஓய்வுநாள் விஷயத்தில் அவன் ஏற்பதாயில்லை. கம்பி வழியாகக் கூப்பிட்டான்.

"கோச்! போயிடுச்சா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா வரேன்."

மிஸ் அக்னெஸும் அவரைப் பார்த்தாள்.

ஹெஸ்கெத் அவனுடைய பூட்ஸைக் கையில் பிடித்தபடி கடலைப் பார்த்தார். மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சிவப்புக் கீற்று, நகக்கண் அளவு, கண்ணில் குத்திக்கொண்டு நின்றது. வேறு யாருக்கும் அது பெரிய விஷயமில்லை. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். களத்தில் ஓடுகிறவர்கள் எல்லாம் நாக்குத் தள்ளிக் கிடக்க, இவன் மட்டும் புது ஆளாக இறங்குவான். சின்னப் பொய்கூட இல்லை, அவசரம், அவ்வளவுதான். வாயைத் திறந்தார். அந்த மடையன் வேதப்புத்தகத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கோட்டுப் பொத்தானில் விரலை வைத்துத் தயாராக நின்றான். ஒரு கேள்வியும் கேட்காமல் வருவான்.

"இன்னும் இல்லடா" என்றார் ஹெஸ்கெத். "கொஞ்சம் இருக்கு."

"பலகை! உன் கண்ணும் பலகையா?" என்று மரத்திலிருந்து ஒரு குரல் அலறியது.

உள்ளதா இல்லையா என்று ஊரே வாதாட, ஆல்ட்விக்கும் பொறுக்கமுடியாமல் தானே பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடலாம் என்று கடல் பக்கம் திரும்பினான். "கோச் சொல்றது சரிதான், இன்னும் ஒரு துண்டு..." என்று கை நீட்டினான். பக்கத்துத் தீவுக்காரன் ஒருவன் நடுக்கோட்டிலிருந்தே ஓங்கி அடித்தான். பந்து ஆல்ட்விக்கின் முதுகுக்குப் பின்னால் குதித்து, நிதானமாக, விருந்தாளி மாதிரி வலைக்குள் போனது.

நடுவர் விசில் ஊதினார். கோலுக்கு ஒன்று, ஆட்டம் முடிந்ததற்கு ஒன்று. அதற்கப்புறம்தான் கீற்று அணைந்தது.

கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. செப்பனியா கேட்டைத் திறந்து வந்து, ஹெஸ்கெத் கையிலிருந்த பூட்ஸை வாங்கிக்கொண்டான். இப்போது சுமக்கலாம்.

"நீங்க போயிடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன் கோச்."

"வந்திருப்பேன்னு தெரியும். அதுதான்டா தொல்லை."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தனித்தனியாக முனகின. சங்கத் தலைவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். விலகுகிறேன் என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"வருத்தப்படாத ஹெஸ்கெத். மார்ச்சுல இன்னொரு ஆட்டம் வருது. நம்ம செப்பனியாவுக்காகவே கெஞ்சிக் கேட்டு ஞாயித்துக்கிழமை வாங்கியிருக்கேன்."

ஹெஸ்கெத் செப்பனியா பக்கம் திரும்பினார். செப்பனியா பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தான்.

வலையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆல்ட்விக் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "ஞாயித்துக்கிழமையா? கோச், நான் பெந்தெகொஸ்தே. ஞாயித்துக்கிழமை எனக்கு ஆராதனை இருக்கே!"

"நீ தாராளமா போ ராசா" என்றார் ஹெஸ்கெத். "நாள் பூரா முழங்கால்லயே இரு. வலையை மட்டும் ஒழுங்கா மடிச்சு வச்சிட்டுப் போ, மார்ச்சுக்கு வேணும்."