இருபத்திரண்டாவது கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஞானேஸ்வரன் பிளேஸ்டோவில் தில்லையம்பலத்தின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். இறங்குவதற்கு முன் சட்டைப்பையிலிருந்த கொப்பியை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். அதில் நாற்பத்தொரு பெயர்கள். இருபத்தொரு பெயருக்கு நேரே பச்சை மையில் சரி போட்டிருந்தது. அந்தப் பச்சைகளில் ஒன்று தில்லையம்பலம்.

லண்டனிலுள்ள ஊர்ச்சங்கங்கள் எல்லாம் சேர்ந்த ஒன்றியத்துக்குத் தலைவர் தேர்தல் வருகிறது. ஒன்றியத்தில் உருப்படியாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு அணி. அது யாரை வேட்பாளராக நிறுத்துகிறதோ அவர்தான் தலைவர். அந்த வேட்பாளரைத் தெரிவு செய்பவர்கள் பேராளர்கள்: டூட்டிங்குக்குப் பதினாறு பேர், மனோர் பார்க்குக்குப் பதினான்கு, பிளேஸ்டோவுக்குப் பதினொன்று. ஞானேஸ்வரன் பக்கம் இருபத்தொன்று, எதிர்த்து நிற்கும் பாலேந்திரா பக்கம் இருபது. பேராளர் ஒருவர் வராவிட்டால் அவருடைய இடத்தில் அந்தப் பகுதியின் பதில் ஆள் கை உயர்த்தலாம் என்பது விதி. பிளேஸ்டோவின் பதில் ஆள் பாலேந்திராவின் மச்சான். ஆகவே தில்லையம்பலம் வராவிட்டால் கணக்குத் தலைகீழ்.

இந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. மேடையில் நடுக்கதிரை, ஒரு பொன்னாடை, நோட்டீசில் படம், அவ்வளவுதான். அதற்காக ஞானேஸ்வரன் ஐந்து மாதமாகக் கடையை மனைவியின் தலையில் கட்டிவிட்டு ஊரெல்லாம் அலைந்தார்.

கதவைத் திறந்த தில்லையம்பலத்தின் மனைவி கமலாம்பிகையின் முகம் சரியில்லை.

"தம்பி, இவருக்கு என்னவோ செய்யுது. எட்டரைக்குத் தேத்தண்ணிக் கோப்பையை விழுத்திப்போட்டார். வலக்கை மரத்துப்போச்சாம். கதையும் கொழகொழ எண்டு வருது. அம்புலன்ஸுக்கு அடிக்கட்டோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

கதிரையில் இருந்த தில்லையம்பலம் கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஞானேஸ்வரன் சட்டைப்பைக் கொப்பியைத் தொட்டுப்பார்த்தார். அவருடைய பயம் தில்லையம்பலத்துக்காக இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"சும்மா பிறசர்தான் அக்கா. ராத்திரி சரியா நித்திரை கொண்டிருக்கமாட்டார். ஒரு மணித்தியால வேலை. முடிஞ்ச கையோடை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

"வேண்டாம் தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

கமலாம்பிகையின் மகளுடைய கலியாணத்தில் பந்தி முடியும்வரை நின்று ஓடியாடியவர் அவர்; அவரிடம் எப்படி மறுப்பது? கமலாம்பிகை வழிவிட்டாள். ஞானேஸ்வரன் பொத்தான்களைத் தானே பூட்டி, கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனார்.

மனோர் பார்க் மண்டபத்தில் கூட்டம் பத்து மணிக்கு என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் பத்து என்றால் பன்னிரண்டு என்று அர்த்தம். பிறகு விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, வரவேற்புரைக்கு ஒரு நன்றியுரை. இவ்வளவு நேரமும் தில்லையம்பலம் மூன்றாவது வரிசையில் சுவரோடு சாய்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பச்சைக்காரர்கள் ஆள் வந்துவிட்டார் என்று நிம்மதிப்பட்டார்கள். மற்றவர்கள் வந்துவிட்டாரே என்று முகம் சுளித்தார்கள்.

அவரை மனிதராகப் பார்த்தது மேரிசாந்தி ஒருத்திதான். அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவள். அன்று தேநீர் கொடுக்க வந்திருந்தாள், அவளுக்கு வாக்கு இல்லை. அவர் கையில் கொடுத்த தேநீர் கடைவாயால் வழிந்து கோட்டில் விழுந்தது.

"அண்ணை, ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம்."

வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஞானேஸ்வரனிடம் ஓடினாள்.

"அண்ணை, இது ஸ்ட்ரோக். உடனை அம்புலன்ஸுக்கு அடிக்கவேணும். என்ரை போன் தேத்தண்ணி போடுற குசினிக்கை கிடக்கு."

மேடையில் வாக்கெடுப்பை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அப்பவே அடிச்சிட்டன் தங்கச்சி. வந்துகொண்டிருக்கினம். நீர் போய் வாசல்லை நிண்டு பாரும்."

அவள் நம்பினாள். இப்படி ஒரு விஷயத்தில் ஒரு மனுசன் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வாசலில் போய் நின்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞானேஸ்வரனை ஆதரிப்பவர்கள் கைகளை உயர்த்தவும்."

கைகள் உயர்ந்தன. தில்லையம்பலத்தின் கை மடியிலேயே கிடந்தது. ஞானேஸ்வரன் பின்னால் வந்து, அந்த வலக்கையை மணிக்கட்டில் பிடித்து உயரத் தூக்கினார்.

"உது செல்லாது!" பாலேந்திரா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "ஆற்றையும் கையை ஆரும் தூக்க ஏலாது. விதியை எடுங்கோ!"

விதிப் புத்தகத்தைத் தேடினார்கள். உதவி கேட்டுத் தூக்கினாரா, கேட்காமல் தூக்கினாரா என்று வாதம் வந்தது. தில்லையம்பலத்தின் தலை தோளில் தொங்கிவிட்டது. ஒருவர் அவரிடம் குனிந்து, "அண்ணை, நீங்கள் ஆற்றை பக்கம்? தலையை ஆட்டினாக் காணும்" என்றுகூடக் கேட்டார். முப்பத்தைந்து நிமிடம் நாற்பது பேர் ஒரு கையைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். கைக்குச் சொந்தக்காரனைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

மேரிசாந்தி உள்ளே ஓடிவந்தாள்.

"அம்புலன்ஸ் எங்கை? எத்தனை மணிக்கு அடிச்சனீங்கள்?"

ஞானேஸ்வரன் கொப்பியைப் பார்த்தார். அவளுக்கு விளங்கிவிட்டது. குசினிக்கு ஓடித் தன் போனை எடுத்து அவளே அடித்தாள்.

அம்புலன்ஸில் வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, இது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான். கணக்கில் புலியான ஞானேஸ்வரன் அந்தக் கணக்கை மட்டும் சொல்லவில்லை. மேரிசாந்திதான் கமலாம்பிகைக்கு போன் செய்து எட்டரை என்று அறிந்து சொன்னாள். ஆஸ்பத்திரியில், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள்.

அம்புலன்ஸ் போன பிறகு மண்டபத்தில் மறுபடியும் எண்ணினார்கள். தூக்கிய கை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஞானேஸ்வரனுக்கு இருபத்திரண்டு, பாலேந்திராவுக்குப் பத்தொன்பது. டூட்டிங்கில் பாலேந்திராவின் ஆள் ஒருவர் கடைசி நேரத்தில் கட்சி மாறியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவர் ஞானேஸ்வரன் பழக்கூடையோடு பிளேஸ்டோவுக்குப் போனார். தில்லையம்பலம் சக்கர நாற்காலியில் வெறும் மேலோடு இருந்தார். பேச்சு இல்லை. ஆளை அடையாளம் கண்டதும் கண் மட்டும் கலங்கியது.

கமலாம்பிகை கூடையை வாங்கவில்லை. கணவனின் சட்டையை நீட்டினாள்.

"அண்டைக்கு இந்தக் கையைத் தூக்கினியள்தானே? நான் ஒவ்வொரு நாளும் தூக்கிறன். இண்டைக்கு நீங்கள் தூக்கிப் போட்டுவிடுங்கோ."

ஞானேஸ்வரன் குனிந்து கையைத் தூக்கினார். அன்று மண்டபத்தில் அது கனக்கவே இல்லை. இன்று சட்டைக் கைக்குள் நுழைக்க மூன்று தடவை முயன்றார், ஒவ்வொரு தடவையும் அது நழுவி மடியில் விழுந்தது. ஞானேஸ்வரனின் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. கமலாம்பிகை அதைத் துடைக்கச் சொல்லவில்லை.

"இருபத்திரண்டு எண்டு கேள்விப்பட்டன்" என்றாள் அவள். "இவரை ஆஸ்பத்திரிக்கு விட்டிருந்தாலும் இருபத்தொண்டு. வெண்டிருப்பியள்."

"அக்கா, என்னை மன்னி..."

"பிழை எனக்கும்தான். உங்கடை முகத்தை முறிக்கக் கூடாதெண்டு என்ரை மனுசனை அனுப்பிவைச்சன். கை மரத்தா, வாய் கோணினா, ஆற்றை முகத்தையும் பாக்காமல் அம்புலன்ஸுக்கு அடிக்கவேணும். இதை நீங்கள் தலைவரா இருக்கிற மேடையெல்லாம் சொல்லுங்கோ. ஆளை எண்ண முதல் ஆளைப் பாக்கவேணும் எண்டும் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு, அடுத்த ஞாயிறும் வாங்கோ. சட்டை மாத்தவேணும்."